என் மகள் நடுவராக இருந்த சனிக்கிழமை

பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க எனக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சபையில் பெண்கள் கூட்டத்தில் மைக்கை என் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க இரண்டு பேர் வேண்டும் என்று என் கணவர் சொல்வார். அதனால் அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற பிளானோவில், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிற கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் குடும்பங்களின் பேச்சு, விவாதக் குழு ஒன்றில் மகளைச் சேர்க்கப் போனபோது, "பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோரும் பயிற்சிக்கு வரவேண்டும்" என்று அவர்கள் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அங்கே சம்பளத்துக்கு ஆசிரியர் கிடையாது. அப்பா அம்மாக்கள்தான் கோச், அவர்களேதான் போட்டிகளில் நடுவர். சனிக்கிழமை தோறும் காலையில் ஒரு சர்ச் ஹாலில் வகுப்பு.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மகளுக்கு நான்தான் டீச்சர். அதற்காகவே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டவள் நான். இப்போது அவள், ஒன்பதாம் வகுப்புக்கு ஆகஸ்டில் பப்ளிக் ஸ்கூலுக்கு, அதாவது இங்குள்ள அரசுப் பள்ளிக்கு, போகிறேன் என்கிறாள். நான் முடியாது என்கிறேன். "இவளிடம் இருக்கிற நேர்மை வெளியே போனால் கரைந்துபோகும், நாலு பேர் செய்வதைப் பார்த்து இவளும் செய்வாள்" என்பது நான் எல்லோரிடமும் சொன்ன காரணம். போதகரிடமும் அதையே சொல்லி ஜெபிக்கக் கேட்டிருந்தேன். கணவரோ, "அம்மாவும் பொண்ணும் பேசி முடிவு பண்ணுங்க, எனக்கு மீட்டிங் இருக்கு" என்று நழுவிவிடுவார். அவருடைய ஆபீஸில் அப்படி எத்தனை மீட்டிங்தான் நடக்குமோ! பள்ளியில் பெயர் பதியும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. வீட்டில் தட்டு கழுவும் சத்தம்கூடச் சற்றுக் கூடுதலாகவே கேட்டது.

பயிற்சியாளர் ஒரு டெக்சஸ்காரப் பெண்மணி. தன் ஐந்து பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைத்து ஆளாக்கியவர். எல்லோரையும் "ஹனி" என்றுதான் கூப்பிடுவார், அந்த ஹனிக்குள் ஓர் ஊசியும் இருக்கும். அவர் பேசியது ஆங்கிலம். என் மகளுக்கும் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். இரண்டு பேர் சொன்னதையும் நான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாளே என் மூக்கு உடைபட்டது. ஆளுக்கு ஒரு தலைப்பு, தயாரிக்காமல் எழுந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். எனக்கு வந்த தலைப்பு, மழை. எழுந்தேன். எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன். இந்த நாளைக் காணச்செய்த ஆண்டவருக்கு நன்றி, இந்த வாய்ப்பைத் தந்த பயிற்சியாளருக்கு நன்றி, காலையில் டோனட் வாங்கிவந்த குடும்பத்துக்கு நன்றி, குறைவுள்ள பாத்திரமாகிய என்னையும் பேச அழைத்ததற்கு நன்றி. மணி அடித்துவிட்டது. மழை ஒரு சொட்டுகூட விழவில்லை. நம் ஊர் சபைகளில் சாட்சி சொல்லிப் பழகிய வாய் வேறு எப்படித் தொடங்கும்? எனக்குப் பிறகு எழுந்த என் கணவரும் அதே நன்றிப் பட்டியலை முதலிலிருந்து வாசித்தார். அவர் கூடுதலாக எனக்கும் ஒரு நன்றி சொன்னார். "ஹனி, நன்றியெல்லாம் ஆண்டவர் கேட்டுவிட்டார். இனி எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள்" என்றார் பயிற்சியாளர்.

எங்களோடு யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரும் வந்துகொண்டிருந்தார். பெரிய இருதய மருத்துவர், தங்கமான மனிதர். எதிரணியில் நின்று மறுத்துப் பேசச் சொன்னால் அவருக்கு வியர்த்துவிடும். ஒரு முறை எதிரில் பேசியவர் வயதில் மூத்த அமெரிக்க அம்மா. டாக்டர் எழுந்து, "அவ சொன்னது முழுக்கச் சரி. இதில நான் என்னத்தை மறுக்கிறது?" என்று தமிழில் எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அதையே ஆங்கிலத்திலும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்குப் பரம சந்தோஷம். பயிற்சியாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

என் வியாதி வேறு. மகள் மேடையில் பேசும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து நானும் உதட்டை அசைப்பேன். அவள் ஒரு வார்த்தைக்குத் தயங்கினால் கையை ஆட்டி எடுத்துக்கொடுப்பேன். ஒரு நாள் பயிற்சியாளர் சத்தமில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவள் இறங்கும்வரை வாயில் இதை வைத்திருங்கள்" என்று ஒரு கொலாச்சியை நீட்டினார். சாசேஜ் வைத்துச் சுட்ட பன், டெக்சஸில் காலை நேரத்தில் எங்கும் கிடைக்கும். கோபத்தோடுதான் கடித்தேன். மகள் அன்றைக்கு நன்றாகவே பேசினாள். அது எனக்கு இன்னும் கொஞ்சம் கோபத்தைத் தந்தது.

பயிற்சியின் கடைசிச் சனிக்கிழமைக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெற்றோர் தங்களுக்குள் விவாதம் செய்ய வேண்டும். தலைப்பு, உங்கள் வீட்டில் இன்னும் முடிவாகாத ஒரு விஷயம். எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் காசு சுண்டித்தான் தீர்மானிப்பார். நடுவர், உங்கள் சொந்தப் பிள்ளை. போட்டிகளில் குடும்பத்தார் பேசும்போது நடுவராக உட்காரவே விடமாட்டார்கள். இங்கே வேண்டுமென்றே உட்காரவைப்பார். "பிள்ளைகள் இதில் நியாயமாக இருந்துவிட்டால் எதிலும் இருப்பார்கள்" என்பார். நடுவருக்கு ஒரே கட்டளை. தனக்கு எது பிடிக்கும் என்று பார்க்கக் கூடாது, அந்த அறையில் பேசப்பட்டதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எங்கள் தலைப்பு என்ன என்று சொல்லவே தேவையில்லை. காசைச் சுண்டினார். மகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று பேச வேண்டியவள் நான். போகக் கூடாது என்று பேச வேண்டியவர் என் கணவர்.

வேறு யாராவது என்றால் சாக்குக்குப் பேசித் தோற்றிருப்பார்கள். எனக்குத் தோற்கத் தெரியாது. எந்தப் பக்கம் நின்றாலும் ஜெயிக்க வேண்டும், அதுவும் இவரிடம்! அந்த வாரம் முழுவதும் அடுப்பில் குழம்பு கொதிக்க, நான் பள்ளியின் வெப்சைட்டைக் குடைந்துகொண்டிருந்தேன். அவர் தன் குறிப்புகளைக் காருக்குள் உட்கார்ந்து எழுதினார். வாய்விட்டே கேட்டேன்.

"என்னங்க, என்ன பாயிண்ட் வச்சிருக்கீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"சனிக்கிழமை தெரியும். நீ சாம்பாரப் பாரு, அடி பிடிக்குது."

மகளிடம் பேசிப் பார்த்தேன். "நான் நடுவர், இந்த வாரம் உங்கள் இருவரிடமும் இதைப் பற்றிப் பேசுவதாக இல்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வந்தது. நான் பேசினேன் பாருங்கள், அப்படி ஒரு பேச்சை நான் அதுவரை பேசியதில்லை. அந்தப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தைச் சொன்னேன். வேதியியலை நான் சோடா உப்பையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து நடத்திய லட்சணத்தையும் மறைக்காமல் சொன்னேன். வயலின் வாசிக்கிற பிள்ளை, தன்னோடு சேர்ந்து வாசிக்க ஒரு குழு இல்லாமல், வாக்குவம் க்ளீனர் சத்தத்தோடு சேர்ந்து வாசிக்கிறது என்றேன். ஹால் சிரித்தது. டாக்டர் கைதட்டியே விட்டார். மகள் நடுவர் மேசையில் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. தன் மனதில் இருப்பதை யாரோ உரக்கச் சொல்லக் கேட்கிற காது அது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு கணவர் குறுக்குக் கேள்வி கேட்க வந்தார். அவர் ஒன்று கேட்டால் நான் திருப்பி ஒன்று கேட்டேன். "அவளைக் காலையில் பஸ் ஏற்றுவது யார்?" என்றார். "நீங்கள் என்றைக்காவது ஆறு மணிக்கு எழுந்ததுண்டா?" என்றேன். "ஹனி, இது அவர் கேட்கும் நேரம்" என்று பயிற்சியாளர் மணியைத் தட்டினார். இருபது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒரு மணியைத் தட்டியதில்லை. கணவரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்து அவர் பேச்சு. முதல் காரணம் நேர்மை, சகவாசம் என்று நான் வீட்டில் சொல்வதையே என்னிடம் திருப்பிச் சொன்னார். இரண்டாவது, வீட்டில் படித்தால் அவள் வேகத்துக்குப் படிக்கலாம் என்பது. இரண்டுக்கும் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஹாலைப் பார்த்துப் பேசினார்.

"மூன்றாவது காரணம். எங்கள் வீட்டில் பகலில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பதினோரு மணிக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். சில நாள் நான் ஆபீஸிலிருந்து போன் செய்யும்போது அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். என் மனைவி வேலையை விட்டது இந்தப் பிள்ளைக்காக. இவள் பள்ளிக்குப் போய்விட்டால் அந்தப் பதினோரு மணிக்கு என் மனைவி யாரோடு உட்காருவாள்? அவள் இதை யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்."

இவருக்கு எப்படித் தெரியும்? நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்று அது. நேர்மை, சகவாசம் என்று நான் ஊரெல்லாம் சொன்னதற்கு அடியில் இருந்தது இந்த டீதான். என் முறை வந்தது. முதல் இரண்டு காரணங்களையும் துவைத்துக் காயப்போட்டேன். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பேச நேரம் நிறைய இருந்தது. "முடித்துவிட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

விவாதத்தில் ஒரு விதி உண்டு. எதிராளி வைத்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டால், அதை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.

மகள் எழுந்தாள். அவளுக்கு எது வேண்டும் என்பது அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். என் பக்கம் வாக்களித்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நான்தான் அவ்வளவு அழகாகப் பேசியிருந்தேனே.

"ஆய்வுக்கூடம், வயலின், இது இரண்டிலும் அம்மா ஜெயித்தார்கள். நேர்மை, படிப்பின் வேகம் பற்றிய வாதங்களுக்கும் நல்ல பதில் சொன்னார்கள். ஆனால் மூன்றாவது வாதத்துக்குப் பதிலே வரவில்லை. அதற்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்காக அதை நான் சொல்லக் கூடாது. பதில் இல்லாததால் அது நிற்கிறது. பள்ளிக்குப் போகக் கூடாது என்ற பக்கத்துக்கே என் வாக்கு."

முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கைதட்ட வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை. பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் நான் முதலில் பிடித்தது கணவரைத்தான்.

"இத்தன நாளா மனசுல வச்சிருந்தீங்களே, வீட்ல ஒரு நாளாவது எங்கிட்ட சொன்னீங்களா?"

"வீட்ல நீ எப்ப என்னைப் பேச விட்ட? இங்கதான் யாரோ பெல் அடிச்சாங்க."

சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. டிஷ்யூ தேடித் திரும்பினால், பின் சீட்டில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். தன் ஆசைக்கு எதிராகத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பிள்ளை. யாரும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. வெளியே போனால் நேர்மை கரைந்துபோகும் என்று நான் பயந்தது இவளைப் பற்றியா? எனக்கு அவள்மீது பெருமை பொங்கியது, அதோடு ஒரு கூச்சமும். அவள் போகக் கூடாது என்ற பக்கத்தில் இனி நிற்க எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. மிச்சமிருந்தது நான் பதில் சொல்லாத அந்த ஒன்றுதான்.

"மூணாவது பாயிண்ட்டுக்கு இப்ப பதில் சொல்றேன்" என்றேன்.

"ரவுண்டு முடிந்துவிட்டது, அம்மா" என்றாள், ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போகட்டும். எழுதிக்கோ. பதினோரு மணிக்கு டீய நான் தனியாவே குடிச்சுக்கறேன். கொஞ்ச நாளைக்குக் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும். நீ ஸ்கூலுக்குப் போ."

பின்னாலிருந்து இரண்டு கைகள் சீட்டைச் சுற்றி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டன. கணவர் நாங்கள் சுங்கச்சாலையிலிருந்து இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.