கயிற்றில் சுற்றிய துண்டு

அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மூடுவதும் விரிப்பதுமாகவே வந்தார். பெங்களூரில் விமானம் கட்டும் கம்பெனியில் வேலையாம்.

"இறங்கையில சக்கரத்தைக் கீழ விடுறோம்ல, அதைத் தாங்குற கம்பியில காத்து மோதித்தான் அம்புட்டு இரைச்சல். மேல மூடி போட்டு வழவழன்னு ஆக்கிட்டா அடங்கிரும்" என்றார்.

"எங்க பட்டாசுக் கம்பெனியில சத்தம் கூடுனாத்தான் ஆர்டர்" என்று சிரித்தேன்.

அப்போது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். அடுத்த வெடி கேட்கிறதா என்று பார்க்க, டிரைவர் வழக்கம்போல் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஒன்றோடு நின்றால் சோதனைக்குப் போடும் சாம்பிள் வெடி; தொடர்ந்தால் விபத்து. என் தம்பி அங்கே ஒரு பட்டாசு ஆலையில்தான் வேலை பார்த்தான். ஆனால் பஸ்ஸின் கூரைச் சுமையை இழுத்துக் கட்டிய கயிறு ஆடிக் காற்றில் ஊளையிட்டது. வேறெதுவும் காதில் விழவில்லை.

"அந்தக் கயித்துச் சத்தத்தை யாராச்சும் அமத்துங்கய்யா!" என்று ஒரு பெண் அலறினாள்.

அவர் ஜன்னல் வழியே எட்டித் துண்டைக் கயிற்றில் சுற்றினார். ஊளை அடங்கியது. மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். அடுத்த வெடி வரவில்லை.

பஸ் கிளம்பியதும் அவர் என் பக்கம் திரும்பினார். "சத்தம் இல்லைன்னா ஜனங்க நிம்மதியா இருப்பாகன்னுதான் நினைச்சிருந்தேன்" என்றார்.

துண்டைக் கயிற்றிலேயே மறந்து இறங்கிப் போனார். அதன்பின் எந்தச் சுமை ஏற்றினாலும், கயிற்றில் அந்தத் துண்டைச் சுற்றாமல் டிரைவர் வண்டியை எடுத்ததில்லை.