ஷூ தைக்கிற கை

அப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவுசிங் சென்டரில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். அங்கே பெண் நான் ஒருத்திதான். என் குண்டு எப்போதும் எதிரியைத் தாண்டியே போகும்.

"ஷூ தைக்கிற கைக்கு இன்னாத்துக்குக்கா துப்பாக்கி?" என்று சிரிப்பான் எதிரே ஆடும் இம்தியாஸ்.

வீம்புக்கு, கம்பெனியில் கழித்துப்போட்ட பளபளப்பான தோல் துண்டை மவுஸுக்கு அடியில் விரித்தேன். அந்தக் கால மவுஸின் அடியில் உருளும் உருண்டை அதில் வழுக்கியது. இன்னும் கேவலமாகத் தோற்றேன். மவுஸ் சரியில்லை என்று சென்டர்காரரிடம் சண்டையும் போட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆத்திரம். மறுநாள் வேலையில்தான் உறைத்தது. பளபளப்பில் பசை பிடிக்காது என்று தோலைச் சொரசொரப்பாக்கித்தானே தினமும் சோல் ஒட்டுகிறோம்!

அடுத்த ஞாயிறு தோலின் சொரசொரப்பான பக்கத்தை மேலே திருப்பிப் போட்டேன். செட்டிங்ஸில் மவுஸ் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். குறி இப்போது வைத்த இடத்திலேயே நின்றது. கேமில் இம்தியாஸ் என் குண்டுக்கு மூன்று முறை விழுந்தான்.

"இன்னாக்கா பண்ண?"

"ஷூ தைக்கிற கைடா. தையல் ஒரு நூல் தள்ளிப்போனாலும் ஜோடியே ரிஜெக்ட்."

அதற்குப் பிறகு என் கையை யார் குறை சொன்னாலும் நான் ஒத்துக்கொண்டதில்லை.