மனு எழுத்தரை மறித்த பெயர்

நன்னிலம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்த ஆள் அவர். கரைவேட்டி, மை தடவிய மீசை. மந்திரிக்கு வரவேற்பு மடல் என்றால் தேனாக ஒழுகவிடுவார். என் மனுவுக்கு மட்டும் நிப்பை ஊதி ஊதிப் பார்த்துவிட்டுத் தாள் தாளாகக் கிழித்தார்.

நான் குத்தகைக்கு உழுத வயலை மிராசுதார் பிடுங்கப் பார்த்தார். குத்தகைப் பதிவில் என் பெயர் ஏறாவிட்டால் என் குடும்பம் நடுத்தெருவில்தான்.

"வார்த்தை வரலைங்க. எழுத்துங்கறது உள்ளேருந்து ஊறணும்."

"மந்திரிக்கு மட்டும் ஊறுதாக்கும்? மொத வரில மிராசுதார் பேரப் போடுங்க."

"பேரு கடைசில வரட்டுமே..."

அடைப்பு எங்கே என்று அப்போது புரிந்தது. பேனாவைப் பிடுங்கி அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் நானே எழுதினேன். அதன்பின் மனிதர் நிறுத்தாமல் எழுதினார். எனக்குச் சொல்லத் தெரியாத நியாயமெல்லாம் அதில் இருந்தது.

முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "யாராச்சும் கேட்டா, பேரு எழுதுனது நீங்கதான்னு சொல்லிடுங்க" என்றார்.

அந்த மனுவால்தான் வயல் என்னிடம் தங்கியது. ஆனாலும் எவனாவது எழுத்து வரவில்லை என்று அலுத்துக்கொண்டால், எவனுக்குடா பயப்படுகிறாய் என்றுதான் இன்றும் கேட்கத் தோன்றுகிறது.