கட்டிக்கு எடுத்த படம்

சத்திரப்பட்டி விசைத்தறிக் கொட்டகையில் ரகசியம் பேச நினைத்தவள் வெள்ளத்தாய் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர் அது. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். தறி ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஊர் வம்பு முழுக்கச் சத்தமில்லாமல் அங்கே கைமாறும். பாதி ஆயுசை அந்தக் கொட்டகையில் கழித்தவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பயம் வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது? நாத்தனார் முத்துப்பேச்சியைத் தூணோரம் இழுத்து, இடது மாரில் கட்டி தட்டுப்படுகிறது, உன் அண்ணனிடம் கூடச் சொல்லவில்லை என்று உதட்டை அசைத்தாள். திரும்பிப் பார்த்தால் கடைசித் தறிக்காரி வரைக்கும் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் அவள் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டிக்குப் போய்விட்டது. அவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சந்தேகப்பட்டே பழகிய மனிதர், இதை மட்டும் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்குமே துணிவில்லை. மறுநாள் வெள்ளத்தாய் மேற்கு மலையைப் பார்த்துக் கும்பிட்டு, இது கெட்ட கட்டியாக இல்லையென்றால் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்டதையும் கொட்டகையில் வைத்துத்தான் சொன்னாள். ஆகவே அதுவும் ஊர் அறிந்த சங்கதி ஆயிற்று. நாங்களும் கூட வருகிறோம் என்று பெண்கள் கட்டுச்சோற்றுக்கு இப்போதே திட்டம் போட ஆரம்பித்தார்கள்.

அது தொண்ணூற்றேழாம் வருடம். மாரைப் படம் எடுக்கிற மிஷின் மதுரையில் இருந்தது. படம் எடுத்தவளும் பெண்தான் என்றாலும், இடியாப்ப உழக்கில் மாவை வைத்து அழுத்துகிற மாதிரி அழுத்தியபோது வெள்ளத்தாய்க்கு வலியைவிட வெட்கம்தான் உயிரை வாங்கியது. பிறகு படம் பார்க்கிற டாக்டரம்மா நூர்னிசா ஸ்கேன் செய்து, ஊசி போட்டு உறிஞ்சினார். கட்டி வெறும் தண்ணீராக வெளியே வந்தது. நீர்க்கட்டிதான், பயமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் வெள்ளத்தாய் அழுதாள்; அழுதுகொண்டே சதுரகிரி ஏற நேர்ந்துகொண்டதையும் சொன்னாள். வெளியே பெஞ்சில் இருந்த கருத்தப்பாண்டிக்கும் செய்தி போயிற்று. அவர் இனிப்பு வாங்கப் போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு கதையே இல்லை. டாக்டரம்மா விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டி, இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக்குள் வெள்ளையாக, மெல்லிசாக, இரட்டைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடியது. அங்கங்கே விட்டுவிட்டுத் தொடர்ந்தது. ரயில் தண்டவாளம் மாதிரி இருக்கிறதே, இது என்ன என்று வெள்ளத்தாயே கேட்டாள். அது ரத்தக் குழாய், இரண்டு பக்கச் சுவரிலும் சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பதால் படத்தில் தெரிகிறது என்றார் டாக்டரம்மா. வெள்ளத்தாய் உடனே வாயில் குதப்பிய வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தான் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு இறங்கிப்போய் அங்கே ஒட்டிக்கொண்டதா என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். சிரித்து முடித்ததும், மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு, தோள், தாடை எங்கேயாவது வலி வருகிறதா என்று விசாரித்தார்.

தாடை என்றதும் வெள்ளத்தாய்க்கு ஞாபகம் வந்தது. போன வருடம் கடைவாய்ப் பல் வலி என்று பல்லைப் பிடுங்கிப் போட்டாயிற்று. நூல் சுற்றிய பீமைத் தூக்கினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும், விசித்திரமான பல்வலி என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்த முறை டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"இங்க பாருங்கம்மா, இது இன்னும் தீர்மானமா முடிவான விஷயம் இல்ல. மாருல இப்படி இருந்தா இதயத்துக் குழாய்லயும் இருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இருக்கலாம்னு சில டாக்டருங்க சொல்லுறாங்க. நீங்க சொல்ற பல்வலியையும் சேர்த்துப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. ஹார்ட் டாக்டர் பாக்கிற வரைக்கும் மலை ஏறாதீங்க."

கருத்தப்பாண்டி இனிப்போடு வந்து இதைக் கேட்டார். முகம் கறுத்துவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே புலம்பல். "களவு போனது ஒரு வீட்டுல, சோதனை போடுறது இன்னொரு வீட்டுலயா? மாரைப் படம் புடிச்சா மாருல என்ன இருக்குன்னு சொல்லணும். இவிய நெஞ்சுக்குள்ள போயி நோண்டுதாவ." கிருஷ்ணன்கோவில் தாண்டும்போதும் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளத்தாய்க்கும் அவர் சொல்வது சரியாகத்தான் பட்டது. சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டது. கடனை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஊரே காத்திருக்கிறது.

ஆனால் அந்தக் கோடு அவளை விடவில்லை. அதை நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது. அவள் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் குடித்து வளர்ந்த மார் அது. அதற்குள்ளே இப்படி ஒரு பாதை ஓடுகிறது என்று ஐம்பது வயது வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அது போய்ச் சேருகிற இடம் இதயமாமே! கோவில் வாசலில் நின்றபடியே கர்ப்பகிரகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவர் சொல்ல முடியுமா? டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே!

ஆடி பிறக்கக் கொஞ்ச நாள் இருந்தது. கொட்டகையில் பீமைத் தூக்கி மாட்டினாள். தாடையில் அதே வலி வந்தது. பழக்கமாக நாக்கை அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். வழுவழுவென்று ஈறுதான் இருந்தது. பல்லே இல்லாத இடத்தில் பல் எப்படி வலிக்கும்? வெள்ளத்தாய் தறியை ஓட்டாமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முத்துப்பேச்சி ஓடிவந்தாள். மதுரைக்குப் போகணும், நீ கூட வா என்று வெள்ளத்தாய் உதட்டை அசைத்தாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அன்றைக்கு வாயை மறைக்கவில்லை.

இதய டாக்டர் அவளை ஓடுகிற பட்டையின் மேல் நடக்கச் சொன்னார். நெஞ்செல்லாம் ஒயரை ஒட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். நடக்க நடக்கப் பட்டை முன்பக்கம் உயர்ந்தது. ஏற்றம் ஆயிற்று. சதுரகிரியைத்தான் இந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டாவது முறை உயர்ந்தபோது தாடை வலித்தது. வலிக்கிறது என்று அவள் வாயைத் திறப்பதற்குள், காகிதத்தில் கோணிக்கொண்டு போன கோட்டைப் பார்த்து டாக்டர் மிஷினை நிறுத்திவிட்டார். ரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூப் விட்டுப் பார்த்ததில் இதயத்துக்குப் போகிற பெரிய குழாயில் நூல் நுழைகிற வழிதான் மிச்சம் இருந்தது. மாத்திரை கொடுத்து, ஆவணியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மலையைப் பற்றிக் கேட்டாள் வெள்ளத்தாய். பாதி வழிகூடத் தாண்ட மாட்டீர்கள் என்றார் அந்த டாக்டர்.

அமாவாசைக்கு முந்தின நாள் கருத்தப்பாண்டி தானாகவே காவி வேட்டி கட்டிக்கொண்டு, உன் கடனை நான் ஏறித் தீர்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கொட்டகைப் பெண்களும் அவரோடு போனார்கள்.

திரும்பி வந்தவர் திருநீற்றை நீட்டவில்லை. முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தார். சோறு வைத்தாள், தொடவில்லை.

"வழுக்குப் பாறைக்கு மேல ஒரு பொம்பள, உன் வயசுதான் இருக்கும். தாடைய வலிக்குன்னு சொல்லி உக்காந்திருக்கா. அம்புட்டுத்தான், எந்திரிக்கல. நானும் இன்னும் ரெண்டு பேருமாத்தான் தூக்கிக்கிட்டு எறங்குனோம்."

வெள்ளத்தாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஏதாவது சீக்கு இருந்ததா என்று கேட்டாள். ஒன்றும் இல்லையாம், ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லையாம், கூட வந்த மகள் அப்படிச் சொல்லி அழுதாள் என்றார்.

வெள்ளத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. முகம் தெரியாத அவளுக்காக நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"பாவி மக. அவளுக்கு ஒரு கட்டி வரலையே."