லரீபா டீச்சரின் மாலை வகுப்பு

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அறுபது சொச்சம் பிள்ளைகளுக்கு லரீபா ஒருத்திதான் டீச்சர். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, இடையில் சுவர் கிடையாது. பதுளை டவுனிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மூச்சிரைக்க மேடேறிப் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறக்கும்போதே அவளுக்கு ஒரு நாள் வேலை முடிந்த களைப்பு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம்.

வந்த புதிதில் அவளும் சட்டம் பேசியவள்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளையை உள்ளே விடமாட்டேன் என்றாள். அம்மாமார் விடியற்காலையிலேயே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் ஆயா இல்லை. அப்போது குழந்தையை யார் பார்ப்பது? அக்காமார்தான். டீச்சரின் சட்டத்தை மதித்து அக்காமார் எல்லாரும் குடியிருக்கிற லயத்திலேயே நின்றுவிட்டார்கள். பெண்பிள்ளைகள் உட்காருகிற வாங்குகள் காலியாயின. மேலிடத்தில் கேட்டதற்கு, "பெற்றோருக்கு விளக்கிச் சொல்லுங்கள்" என்றார்கள். விளக்கிச் சொன்னால் குழந்தைக்குப் பசிக்காதா என்று கேட்க லரீபாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. சம்பளம் வாங்குகிறவள், விழுங்கிக்கொண்டாள்.

பிறகு யாரையும் கேட்கவில்லை. உத்தரத்தில் மூன்று சேலைத் தொட்டில்களைக் கட்டினாள். கயிறு இழுப்பது இரண்டாம் வகுப்பின் பொறுப்பு. இழுத்தால் ஓரிரண்டு இரண்டு, விட்டால் ஈரிரண்டு நான்கு. குழந்தையும் தூங்கியது, வாய்ப்பாடும் மண்டையில் ஏறியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துக் காட்டினார்கள். அரிசிக்கும் மாவுக்கும் கியூவில் நின்ற எழுபத்து நான்காம் வருஷம் அது. வெறும் தேத்தண்ணியோடு வந்த பிள்ளைகள் சிலேட்டின் மேலேயே சரிந்து தூங்கினார்கள். லரீபா அவர்களை எழுப்பவில்லை, எழுப்பப் போன பிள்ளைகளையும் தடுத்தாள். தூக்கத்திலாவது பசி மறந்திருக்கட்டும், அப்படி எழுப்பிக் கேட்க அது என்ன பெரிய கணக்கு!

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை ஜெயலெட்சுமி. கொழுந்தெடுக்கிற பெரியாயியின் மூத்த மகள், ஐந்தாம் வகுப்பு. ஒரு கையால் இடுப்பில் தம்பியை அணைத்தபடி மறு கையால் பின்னக் கணக்கைப் போட்டு முடித்துவிடுவாள். அந்தத் தோட்டத்திலிருந்து யாரும் புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணியதில்லை. இவள் பண்ணுவாள் என்று லரீபா சத்தியமாக நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அவளைத் தினமும் மேடேற்றியது.

ஒரு நாள் ஜெயலெட்சுமி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும், நாளைக்கு லயத்துப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு லரீபா பஸ் ஏறினாள்.

அவள் இருந்தது தம்பி லத்தீபின் வீட்டில். கல்யாணம் கூடிவராத அக்கா, அவர்கள் வாயில் ராத்தா, அங்கேதானே இருப்பாள். லத்தீபுக்குக் கடைவீதியில் சில்லறைக் கடை. அவன் மனைவி பலீலாவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்து நாற்பது நாள் முடிந்திருந்தது. சாயங்காலம் லரீபா கதவைத் தட்டினாள். திறந்தது ஜெயலெட்சுமி. இடுப்பில் தம்பி இல்லை, பலீலாவின் குழந்தை இருந்தது.

"வாங்க டீச்சர்" என்றாள் வாயெல்லாம் பல்லாக.

உள்ளேயிருந்து பலீலா சந்தோஷமாக வந்தாள். "ஒங்கட தோட்டத்துப் புள்ளதான் ராத்தா. கடைக்கு வார கங்காணிகிட்ட சொல்லி வெச்சிருந்தம். டீச்சர்ட வீடு எண்டதும் தாய்க்காரி மறுபேச்சு பேசல்லயாம்."

"அவ படிக்கிற புள்ள, பலீலா."

"அதுக்கு? நானும் மனுசிதானே ராத்தா. தனியா எப்பிடிச் சமாளிக்கிற?"

அன்றிரவு லரீபா, தோட்டமே அக்காமாரைக் குழந்தை பார்க்க இழுத்தது போதாதென்று, தன் வீடே தன் வகுப்புக்குள் கையை விட்டு ஆளைத் தூக்கிக்கொண்டதே என்று பொருமினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் லயத்துக்குப் போனாள். பெரியாயி கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலில் கிடந்த சாக்கைத் தட்டிப் போட்டாள்.

"ஒக்காருங்க டீச்சரம்மா. புள்ள எப்படி இருக்கா?"

"ஏம்மா அனுப்பினீங்க? பரீட்சை வருதே."

"அதுக்காகத்தாங்க அனுப்புனேன். இங்க இருந்தா சின்னவனத் தூக்கிக்கிட்டுத் திரியிறா. டீச்சர் வீடுன்னா அதுவே பள்ளிக்கொடந்தானே? சின்னவனக் கொழுந்துக் காட்டுக்கே தூக்கிட்டுப் போயிக்கிறேன்." குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மூணு வேளையும் திங்கிறாளா?"

"சாப்பிடுறா."

"சோறுங்களா?"

"சோறுதான்."

பெரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவருகிறேன் என்று சொல்லத்தான் லரீபா மலையேறியிருந்தாள். அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்துவிட்டு எந்த வாயால் சொல்வாள்? "பரீட்சைக்கு நானே கூட்டிப் போறன். பள்ளிக்கூடத்தில பேரை வெட்ட மாட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டில் ஒரே பேச்சாகப் பேசினாள். பொழுது சாய்கிற மஃரிப் தொழுகைக்குப் பிறகு இராத்தொழுகை இஷா வரைக்கும் ஜெயலெட்சுமியை யாரும் கூப்பிடக்கூடாது. அந்த நேரம் குழந்தையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பலீலா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். லத்தீப் மட்டும், "ராத்தா, ஒங்களுக்கு ஏலுமா? வரக்குள்ளயே செத்து வாறீங்க" என்றான். "ஏலும்" என்றாள் லரீபா. முடியும் என்று வீம்புக்குச் சொன்னதுதான்.

முதல் நாள் தொழுதுவிட்டு வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். "ஒரு தொட்டியில முக்கால்வாசி தண்ணி இருக்கு..." என்று கணக்கை ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

கண் விழித்தபோது மடியில் குழந்தை இல்லை. மேலே போர்வை போர்த்தியிருந்தது. குசினியில் சட்டி கழுவுகிற சத்தம். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிலேட்டு, கணக்கின் முதல் வரியோடு.

"ஜெயலெட்சுமி!"

கையைப் பாவாடையில் துடைத்தபடி ஓடி வந்தாள்.

"ஏன் எழுப்பல்ல?"

"நீங்க ரொம்ப அசந்துட்டீங்க டீச்சர். தூங்குறவங்கள எழுப்பக் கூடாதுன்னு நீங்கதானே வகுப்புல சொல்வீங்க. அதான் பாப்பாவத் தூங்க வச்சிட்டு மிச்ச வேலையப் பாத்தேன்."

அந்தப் பிள்ளையின் முகத்தில் துளி வருத்தமில்லை. எதையோ இழந்தோம் என்றுகூட அதற்குத் தெரியவில்லை. அதுதான் லரீபாவைச் சுட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூட உடம்பில் தெம்பில்லை. கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவினாள். தொட்டிலில் சிணுங்கத் தொடங்கிய குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சட்டி கெடக்கட்டும். சிலேட்ட எடு."

"நீங்க ஒக்காருங்க டீச்சர்."

"உட்கார மாட்டன். நீ உட்காரு."

பரீட்சை வருகிற வரைக்கும் லரீபா டீச்சர் அந்த வகுப்பை நின்றுகொண்டேதான் நடத்தினாள்.