நின்று நின்று நடந்தவர்

அச்சகத்தில் பிழை திருத்துபவர் வேலைக்குப் போகும்போது கடைக்குக் கடை நின்று பேசுவார். தெருவே அவரை ‘ரேடியோ’ என்றது. கெண்டைக்கால் வலி தாங்காமல்தான் நிற்கிறார் என்பது மனைவிக்குக்கூடத் தெரியாது.

ரத்தக்குழாய் நோய் ஆய்வுக்கு, அவரைப்போல் சிகரெட் பிடிப்பவர்களைச் சேர்த்த மருத்துவமனைக்கு மைத்துனர் அவரை இழுத்துப் போனார். நர்ஸ் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

“கால்ல ரொம்பக் கம்மியா இருக்குங்க ஐயா. ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கும்போல. இதயத்துக்கும் ஆபத்து. நல்லவேளை, இப்பவே வந்தீங்க.”

சிகரெட்டை விட்டார். மாத்திரையும் நடைப்பயிற்சியுமாகச் சில மாதங்கள் போயின. ஒருநாள் நிற்காமல் நடந்தவரைக் கடிகாரக் கடைக்காரர் வழிமறித்தார்.

“என்ன ரேடியோ சார், எங்க மேல கோவமா? கண்டுக்காமப் போறீங்க?”

வலிக்காக நின்ற இடங்களில் இத்தனை பேர் தனக்குச் சொந்தமாகியிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்ல ஆரம்பித்தார்.