கண்புரையும் அக்காவின் கலியாணமும்

இன்று அப்பாவும் நானும் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு கண்ணிலும் கண்புரை.

"வயது போகப் போக வாறதுதான். ஆனா உங்களுக்கு வேளைக்கே வந்திட்டுது. குடும்பத்தில ஆருக்கும் இருந்ததோ?" டாக்டர் கேட்டதை, போனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"ஒருத்தருக்கும் இல்லை," என்றார் அம்மா.

மாமாமார் இரண்டு பேருக்கும் ஐம்பது வயதுக்குள் கண்புரை வெட்டியாயிற்று. சின்னம்மாவுக்குத் தொடங்கிவிட்டது. ஆனால் போனில் மொழிபெயர்த்தது யாழ்ப்பாணக் குரல்; எங்கள் சனத்துக்குள் கதை பரவிவிடும். அக்காவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பரம்பரை வருத்தம் என்று கதை வெளியே போனால் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்கள்.

பரம்பரை இல்லையென்றால் டாக்டர் வேறு காரணம் தேடத்தானே வேண்டும்; கண்ணில் அடிபட்டாலும் கண்புரை வருமாம். அப்பாவை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "வீட்டில ஆரும் உங்கட முகத்தில அடிக்கிறவையோ?"

அப்பா கை ஓங்கி நான் கண்டதே இல்லை. அம்மா அதை மறுக்காமல் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். வெளியே அப்பா, அம்மாவின் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மாமாமாருக்கும் சின்னம்மாவுக்கும் கண்புரை வந்த உண்மையை நான்தான் சொன்னேன்.

எங்கள் ஸ்டேஷனான புருசெத்துக்கு ரயிலில் வந்தோம். இறங்கும்போது அம்மா என்னிடம் சொன்னார்: "டாக்டர் உன்ர அப்பாவைப் பிழையா நினைச்சா நினைக்கட்டும். இனி உன்ர அக்காவை ஆர் கட்டுவினம்?"

இதை இங்க போஸ்டா எழுதட்டோ என்று அக்காவிடம் கேட்டேன்.

"எழுது. எனக்கும் வரலாம்தானே. தெரிஞ்சு கட்டுறவன் கட்டட்டும். மாப்பிள்ளையின்ர தாயையும் டேக் பண்ணு."

டேக் பண்ணிவிட்டேன். அன்ரி, உங்கட வீட்டில ஆருக்கு என்ன பரம்பரை வருத்தம்?